மாடு கட்டிய திடலில் கபடி

எங்கள் பேட்டைப் பொங்கல் விழாக் குழு அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருந்தன. முற்பகலில் திடலில் மாடு, கன்று, ஆடுகள். பிள்ளைகள் கிட்டப் போய்ப் பார்க்கலாம், புல் கொடுக்கலாம். பிற்பகலில் அதே திடலில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான கபடி. நடுவே மதிய உணவு. நிரலை எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓர் இடம் கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருக்கும் சிங்கப்பூரில், கிடைத்த திடலைக் காலை முதல் மாலை வரை ஓட்டுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

நான் கண்காட்சி அரங்குகளில் தளப் பொறுப்பு பார்ப்பவள். ஒரு நிகழ்ச்சி வெளியேறி அடுத்தது நுழைவதற்குள் அரங்கைக் காலி செய்து, கழுவி, கையெழுத்து வாங்கி ஒப்படைப்பதுதான் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் என் கண் நேராகப் போய் நின்றது மதிய உணவு என்ற சொல்லில். அந்த நேரத்தில் சாணத்தை யார் அள்ளுவார்கள், எதைக் கொண்டு, அள்ளியதை எங்கே கொண்டுபோவார்கள்? நிரலில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

குழுவின் வாட்ஸ்அப்பில் இதைக் கேட்டேன். முதல் பதில் எங்கள் புளோக்கில் எல்லாரும் மாமா என்று கூப்பிடும் பெரியவரிடமிருந்து வந்தது. “தொழுவத்தில் உருண்டு வளர்ந்த உடம்பம்மா இது. எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?” அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

மாமா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மாடுகளோடு வளரும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவாக வருவதாக ஐரோப்பாவில் பண்ணைக் குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. மீதிப் பாதி, பிழைத்தவர்கள் மட்டும் வந்து சொல்லும் கதை. அதே ஊர்களில் இரணஜன்னியிலும் (டெட்டனஸ்) வயிற்றுப்போக்கிலும் போன பிள்ளைகள் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இல்லை. அதுவும் தவிர, பன்னிரண்டாவது மாடியில் பிறந்து, ஆண்டுக்கு ஒருமுறை தேக்கா வட்டாரத்தில் (லிட்டில் இந்தியா) பொங்கல் சமயத்தில் மாட்டைப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு மாமாவின் உடம்பு வாய்க்கவில்லை.

மாட்டின் மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சிக்கல் என்னவென்றால், நன்றாக அசைபோட்டுக்கொண்டு நிற்கும் மாட்டின் குடலில் ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா இருக்கலாம். மாட்டுக்கு அதனால் காய்ச்சல்கூட வராது. பார்த்துச் சொல்ல முடியாது. மனிதரின் வயிற்றுக்குள் போனால் கதை வேறு. நூற்றுக்கும் குறைவான கிருமிகளே நோயைக் கொடுத்துவிடும். மூன்று நான்கு நாள் கழித்து வயிற்றுவலி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் சிலருக்குச் சிறுநீரகமே செயலிழக்கும் நிலை வரும். இதற்கு ஆன்டிபயாடிக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். சிறுநீரகப் பாதிப்பை அது கூட்டிவிடக்கூடும் என்ற அச்சம். கன்றுக்குட்டிகள் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைச் சுமக்கும். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பதும் கன்றுக்குட்டியைத்தான்.

கபடி எப்படி ஆடப்படுகிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெறுங்கால். பாடிப் போகிறவன் வாயை மூடவே முடியாது. பிடித்து அமுக்கும்போது முகம் தரையில் தேயும். முழங்கால் சிராய்க்கும். ஆட்டம் முடிந்ததும் அதே கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் திறப்பார்கள். கால்பந்துக்கும் பூப்பந்துக்கும் இல்லாத நெருக்கம் தரைக்கும் கபடி ஆடுபவனின் வாய்க்கும் உண்டு. மல்யுத்தமும் ஜூடோவும் இந்த வகைதான்.

கால்நடைக் கண்காட்சியும் மனிதக் கூட்டமும் ஒரே கூரையின் கீழ் மாறி மாறி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து லொரேன் கவுண்டி கண்காட்சி. 2001 ஆகஸ்ட். கண்காட்சி வளாகத்தில் பல பயன்பாடுகளுக்கான ஒரு கட்டடம். விலங்குகளையும் அதில் காட்டினார்கள், நடன நிகழ்ச்சியும் அதிலேயே நடந்தது. 23 பேருக்கு ஈ.கோலை ஓ157 தொற்று வந்தது. விசாரித்த சுகாதாரத் துறையினர் வழக்கம்போல உணவையும் தண்ணீரையும் சந்தேகித்திருப்பார்கள். அவர்கள் கடைசியில் போய்ச் சேர்ந்தது அந்தக் கட்டடத்திடம். தரையில் பரப்பிய மரத்தூளில் கிருமி இருந்தது. அது போகட்டும், எதிர்பார்க்கக்கூடியதே. தலைக்கு மேலே கூரை உத்தரங்களில் படிந்திருந்த தூசியிலும் இருந்தது.

அங்கே எந்த மாடும் ஏறிப் போயிருக்காது. சாணம் கலந்த மரத்தூள் காய்ந்து, மிதிபட்டு, பொடியாகி, காற்றில் எழும்பி, மேலே போய் உட்கார்ந்திருக்கிறது. கூட்டம் ஆடும்போது, கதவு திறந்து மூடும்போது கீழே இறங்குகிறது. குடிக்கும் கோப்பையில், தின்னும் பண்டத்தில் விழுகிறது. கண்காட்சி முடிந்து 42 வாரம் கழித்து எடுத்த மரத்தூளிலும் அதே வகைக் கிருமி வளர்ந்தது. ஒரு குளிர்காலம் முழுக்கக் கடந்து வந்திருக்கிறது அது. இந்த ஆய்வைப் படித்த பிறகு எந்த அரங்கில் கால் வைத்தாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

2015இல் வாஷிங்டன் மாநிலத்து லிண்டன் என்ற ஊரில் நடந்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கதை. பால்பண்ணைத் தொழிலைச் சிறு பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் விழா. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதல் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். விழா நடந்த கொட்டகையில் முன்பு வேறு நிகழ்ச்சிகளுக்காகவும் மாடுகள் கட்டப்பட்டிருந்தன. விழாவுக்கு முன்னால் சாணத்தை டிராக்டராலும் சுரண்டிகளாலும், இலைகளை ஊதித் தள்ளும் கருவியாலும் ஒரு மூலைக்கு ஒதுக்கினார்கள். 25 பேருக்குத் தொற்று உறுதியானது. 10 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சுத்தம் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காய்ந்த சாணத்தை ஊதித் தள்ளுவதும் ஒரு வகைச் சுத்தம்தான், பார்வைக்கு.

இங்கே ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். எங்கள் துப்புரவுக் குழுவுக்குத் தலைவராக இருப்பவர் அறந்தாங்கிக்காரர். ஊரில் இன்னும் மாடு வைத்திருக்கிறார், மனைவி பார்த்துக்கொள்கிறார். ஒருமுறை எங்கள் அரங்கில் செல்லப்பிராணிக் கண்காட்சி முடிந்து, மறுநாள் காலை தேக்குவான்டோ பாய்கள் வந்து இறங்க வேண்டியிருந்தது. புதிதாக வந்த பையன் துடைப்பத்தை எடுத்து உலர்ந்த தரையைப் பெருக்க ஆரம்பித்தான். தலைவர் ஓடிப்போய்த் துடைப்பத்தைப் பிடுங்கிவிட்டார். “முதலில் தண்ணீர் தெளி தம்பி. எங்கள் வீட்டில் அம்மா விடியற்காலையில் வாசல் தெளித்துத்தானே பெருக்குவார்கள்? காய்ந்ததைக் கிளப்பினால் நீதான் தின்ன வேண்டும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “அக்கா, நாய் மூத்திரம் இருந்த இடத்தில் குளோரின் ஊற்றச் சொல்லாதீர்கள். மூக்கில் ஏறும்” என்றார்.

இரண்டும் சரி. சிறுநீரில் இருக்கும் அம்மோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் எரிச்சலூட்டும் புகை கிளம்பும். அதைவிட முக்கியமானது, சாணம், மண், முடி போன்றவை கிடக்கும் இடத்தில் குளோரினை ஊற்றினால் அது கிருமியைத் தேடிப் போவதற்குள் அழுக்கிடமே தீர்ந்துபோய்விடும். அதனால்தான் முறை இப்படி: ஈரமாக்கு, அள்ளு, சோப்புத் தண்ணீரில் தேய், அலசு, அதன் பிறகு கிருமிநாசினி. ஊற்றிய பின் குறிப்பிட்ட நிமிடங்கள் ஈரமாகவே விட வேண்டும். எவ்வளவு என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். ஊற்றிய கையோடு துடைத்து எடுத்துவிட்டால் மணம் மட்டும்தான் மிஞ்சும். வாடிக்கையாளர்கள் அந்த மணத்துக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

விலங்குகளும் விளையாட்டும் ஓரிடத்தைப் பகிர்வது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. லண்டன் இஸ்லிங்டனில் 1862இல் திறந்த விவசாய மண்டபம் ஆண்டுதோறும் ஸ்மித்ஃபீல்டு மாட்டுக் கண்காட்சி நடந்த இடம்; 1878இல் அங்கேயே ஆறு நாள் தொடர் நடைப் போட்டி நடந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவை ஒட்டி, கால்நடைக் கண்காட்சிக்கென்று கட்டி 1941இல் திறந்த கவ் பேலஸில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தான என்பிஏவின் 1975 இறுதிச் சுற்று ஆட்டங்கள் நடந்தன. நம்மூர் கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ஒரு தகவல்: பிராட்மேன் 1928இல் முதல் டெஸ்ட் ஆடியது பிரிஸ்பேன் கண்காட்சித் திடலில், மாடும் குதிரையும் பரிசுக்காக அணிவகுக்கும் அதே இடம். 18, 1 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சறுக்கினார். அதற்கும் மாட்டுக்கும் சம்பந்தமில்லை.

சிங்கப்பூரும் விலக்கல்ல. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ஃபேரர் பார்க்கில் 1843 முதல் குதிரைப் பந்தயம் நடந்தது. அதே திடலில் போலோ ஆடினார்கள். 1891இல் கோல்ஃபும் தொடங்கியது. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்த பிறகு, குதிரைகள் பல தலைமுறை சாணமிட்ட மண் கால்பந்துத் திடலானது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியரிடம் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களைக் கூட்டி நிறுத்தியதும் அங்கேதான். நம்மவர்களுக்கு அந்தத் திடல் இதுபோன்ற காரணங்களுக்காக நினைவில் இருக்கிறது; என் கவலை அதன் மண்ணைப் பற்றி. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் குதிரை, மாட்டுச் சாணத்திலும் மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பந்தயத் திடலைப் பந்தாட்டத் திடலாக்கியவர்கள் மண்ணை மாற்றினார்களா என்று தெரியவில்லை. பிற்காலத்தில் அங்கே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டவர்களைக் காத்தது தடுப்பூசி. குதிரைகள் பிறகு கிராஞ்சிக்குப் போயின; 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயமும் முடிந்துவிட்டது.

இன்றைய பெரிய அரங்குகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தால் ஒன்று புலப்படும். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கூடைப்பந்து அணி ஒவ்வொரு பிப்ரவரியும் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடும். அவர்களுடைய அரங்கில் கால்நடைக் கண்காட்சியும், காளை மீதும் குதிரை மீதும் ஏறிச் சாகசம் காட்டும் ரோடியோவும் நடக்கும். அது முடியும்வரை அணி ஊர் ஊராகப் போய் வெளியூர் ஆட்டங்களையே ஆடும். சிட்னியில் ராயல் ஈஸ்டர் ஷோ நடக்கும் வாரங்களில், அந்தத் திடலைச் சொந்தத் திடலாகக் கொண்ட ஜயன்ட்ஸ் என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து அணியும் வேறு இடங்களுக்குப் போகிறது. ஹூஸ்டனில் அமெரிக்கக் கால்பந்துப் பருவம் முடிந்த பிறகு, மார்ச்சில் மாடுகள் வருகின்றன. யாரும் ஒரே நாளில் இரண்டையும் செய்வதில்லை. கிருமிநாசினி வாங்க அவர்களிடம் பணம் இல்லாமலா? அவர்கள் நம்பியிருப்பது நாட்காட்டியை. எனக்கு இதில் சொல்ல இருப்பதும் அதுதான்: மருந்தைவிட வரிசை முக்கியம். எது முன்னால், எது பின்னால், நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதைச் சரியாகப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. வரிசை தப்பிய இடத்தில் எத்தனை டப்பா ஊற்றினாலும் துரத்திக்கொண்டே ஓட வேண்டியதுதான்.

பிரிஸ்பேனுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது நம் கண்ணெதிரே வரப்போகிறது. எக்கா என்று அவர்கள் செல்லமாக அழைக்கும் ஆகஸ்ட் கண்காட்சியில், 2013இல் விலங்குகளைத் தொட்டுப் பார்க்கும் பகுதிக்குப் போனவர்களிடையே ஈ.கோலை ஓ157 பரவி 57 பேருக்கு உறுதியானது. அதே கண்காட்சி வளாகத்தில்தான் 2032 ஒலிம்பிக்கின் வீரர்கள் கிராமம் அமையும் என்று 2025இல் அறிவித்திருக்கிறார்கள். ஒலிம்பிக் ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 8 வரை. இந்த முறை, வழக்கமான கண்காட்சி நாட்களுக்கு முன்பே வீரர்கள் வந்துவிடுகிறார்கள்.

திறந்த வெளியில் வெயிலும் காற்றும் இருப்பதால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு: வெயில் உதவும், மழை கெடுக்கும். 2008இல் வேல்ஸின் பில்த் வெல்ஸில் மலைப்பாதை மிதிவண்டிப் பந்தயம். ஆடுகள் மேயும் நிலம், பலத்த மழை, எங்கும் சேறு. 161 பேர் வயிற்றுக்கோளாறால் படுத்தார்கள், காரணம் கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா. சக்கரம் தெறித்த சேறு முகத்தில், பாட்டிலின் உறிஞ்சு வாயில். 2012இல் நெவாடாவில் ஒரு கால்நடைப் பண்ணையில் நடந்த தடையோட்டத்தில் 22 பேருக்கு அதே கிருமி. கலங்கிய சேற்றுநீரை விழுங்கியவர்களுக்கு. கண்காட்சிக்கும் கால்நடைக்கும் நேர்த் தொடர்பில்லை என்றாலும், நமக்குப் பக்கத்திலேயே, 2000இல் மலேசியாவின் சாபாவில் நடந்த ஈகோ சேலஞ்ச் சாகசப் போட்டியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 304 போட்டியாளர்கள். பிறகு தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறிகள் இருந்தன. விலங்குகளின் சிறுநீர் கலந்த ஆற்றுநீரில் நீந்தியதால் வந்தது.

விளையாட்டுப் போட்டிகளில் நோய்ப் பரவலைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்பதும் இதில் தெரிகிறது. அறிகுறி வருவதற்குள் எல்லாரும் விமானம் ஏறிவிடுவார்கள். ஒருவர் லண்டனில் மருத்துவரிடம் போவார், இன்னொருவர் நியூயார்க்கில். ஒவ்வொரு மருத்துவரும் தன்னிடம் வந்த ஒரே ஒருவரைப் பார்த்து, ஏதோ காய்ச்சல் என்று அனுப்பிவிடலாம். ஊர்ப் பள்ளி விழாவாக இருந்தால் மறுவாரமே வகுப்பில் காலி இருக்கைகள் காட்டிக்கொடுத்துவிடும்.

தோல் விஷயத்தில் மட்டும் நான் மாடுகளின் பக்கம். மல்யுத்தப் பிள்ளைகளுக்கு வரும் படர்தாமரைக்கு உடனே அரங்கையும் முன்பு அங்கே நின்ற விலங்குகளையும் கைகாட்டுகிறார்கள். மாட்டிடமிருந்தும் கண்காட்சி ஆட்டுக்குட்டிகளிடமிருந்தும் படர்தாமரை ஒட்டும் என்பது உண்மை, பூனையிடமிருந்தும் ஒட்டும். ஆனால் மல்யுத்தக்காரர்களிடையே சுற்றிவருவது பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குப் போகும் வகை. எதிராளியின் கழுத்தில் இருந்தது உங்கள் கையில் வரும். எங்கள் அரங்கில் பாய்களைப் பார்த்திருக்கிறேன்: நடுப்பகுதி பளபளவென்று இருக்கும். இரண்டு பாய்கள் சேரும் இடத்தில் ஒட்டிய நாடாவின் விளிம்பு லேசாகப் பிரிந்து, அதன் பசையில் தலைமுடியும் கறுத்த வியர்வை அழுக்கும் கோடாகப் படிந்திருக்கும். துடைக்கும் துணி அந்த விளிம்பின் மேல் தாண்டிப் போய்விடும். இடைவேளையில் பிள்ளைகள் வெறுங்காலோடு கழிவறைக்குப் போய், அதே காலோடு பாயில் ஏறுவார்கள். இதற்கெல்லாம் எந்த மாட்டையும் கூண்டில் ஏற்ற முடியாது.

சரி, பொங்கலுக்கு வருகிறேன். குழுக் கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கபடியைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், மாட்டைப் பிற்பகலில் கொண்டுவாருங்கள். செலவில்லை, கூடுதல் ஆள் வேண்டாம். உடனே எதிர்ப்பு. முக்கிய விருந்தினர் காலையில் வருகிறார், அவர் மாட்டுக்குப் பூசை செய்யும் படம் வேண்டும். மாட்டு லாரிக்கு லிம் சூ காங் பண்ணையில் காலை நேரம்தான் சொல்லியிருக்கிறார்கள். பிற்பகல் வெயிலில் மாடு நிற்காது. கடைசிக் காரணம் நியாயமானது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜனவரி மழைக்காலம், பிற்பகலில் மழை பிடித்தால் திடல் சேறாகும், கபடியைக் காலையிலேயே முடித்துவிடுவதுதான் நல்லது என்று விளையாட்டுப் பொறுப்பாளரான இளைஞர் சொன்னார். அவருக்கு ஈ.கோலையைப் பற்றிக் கவலையில்லை, ஆட்டம் ரத்தாவதைப் பற்றித்தான். எதுவாக இருந்தால் என்ன?

ஒரு வழியாக முடிவானது: கபடி காலையில் திடலின் இந்தக் கோடியில், மாடும் ஆடும் முற்பகல் கடைசியில் அந்தக் கோடியில், கூடாரத்தின் கீழ், தடுப்பு வேலி போட்டு. மேடான பக்கம் கபடிக்கு, தாழ்வான பக்கம் மாட்டுக்கு. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நின்று பார்த்துவிட்டுத்தான் கோடு கிழித்தோம். பொங்கல் பானையும் உணவு மேசையும் மேட்டுப் பக்கமே. மாமா கூட்டத்தின் முடிவில் என்னிடம் வந்து, “தண்ணீர் ஓடும் பக்கம் பார்த்தாயே, அது சரி. தொழுவத்தையும் கிணற்றையும் எங்கள் அப்பா அப்படித்தான் வைத்திருந்தார்” என்றார். கிருமியை ஒப்புக்கொள்ளாத மனிதர், நீர் ஓடும் வாட்டத்தை ஒப்புக்கொண்டார்.

கைகழுவும் இடத்துக்காகவும் சண்டை போட வேண்டியிருந்தது. சானிட்டைசர் பாட்டில்களை மேசையில் அடுக்கிவிட்டால் போதும் என்பது கோவிட் காலம் நமக்கு விட்டுச்சென்ற நம்பிக்கை. சாணமும் எச்சிலும் புல்லும் ஒட்டிய கையில் சானிட்டைசர் சரியாக வேலை செய்யாது. டெட்டனஸ் வித்துகளையும் கன்றுக்குட்டி தரும் கிரிப்டோஸ்போரிடியத்தையும் அது ஒன்றும் செய்யாது. கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கே மசியாதது. ஓடும் தண்ணீரும் சோப்பும்தான் கையிலிருந்து கழுவி இறக்கும். பொது இடங்களில் விலங்குகளைக் காட்டுவது பற்றி அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கால்நடை மருத்துவர்கள் தொகுத்திருக்கும் வழிகாட்டி இதையேதான் வற்புறுத்துகிறது: வெளியேறும் வழியிலேயே குழாய் இருக்க வேண்டும், பிள்ளைகளின் உயரத்தில் இருக்க வேண்டும், உள்ளே தின்பண்டமோ பால்புட்டியோ கூடாது. தேக்காவில் நான் கவனித்திருக்கிறேன். தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தை வேலியை நக்கிக்கொண்டிருக்கும்; அப்பா மாட்டைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். பாட்டி பையிலிருந்து முறுக்கை எடுத்து, ஆட்டுக்குப் புல் கொடுத்த பேரனின் அதே கையில் கொடுப்பார். அந்தப் பாட்டியிடம் போய்ச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இந்த ஆண்டு தங்கை மகன் ஜூடோ போட்டிக்காக ஆஸ்திரேலியா போனான். போட்டி நடக்கும் மண்டபம் ஒரு வேளாண் கண்காட்சி வளாகத்தில். என்ன எடுத்துக் கொடுப்பது என்று தங்கை கேட்டாள். டெட்டனஸ் ஊசி தவணைப்படி போட்டிருக்கிறதா பார்; சிராய்ப்பு எதுவாக இருந்தாலும் நீர் புகாத பட்டையால் மூடு; பாயைவிட்டு இறங்கினால் செருப்பு; உறிஞ்சு வாய்க்கு மூடி உள்ள பாட்டில்; ஒரு சோப்புக்கட்டி. திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், எங்கே விளையாடினான் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடு. ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு மின்னஞ்சலும் எழுதச் சொன்னேன்: அந்த மண்டபத்தில் கடைசியாக விலங்குகள் எப்போது இருந்தன, தரை என்ன தரை, எப்படிக் கழுவினார்கள், பாய்கள் யாருடையவை. மறுநாளே பதில் வந்துவிட்டது, சலிப்போ கோபமோ இல்லாமல். விலங்குகள் போய் வாரங்கள் ஆகிவிட்டன, கான்கிரீட் தரையை நீரழுத்தக் கருவியால் கழுவியிருக்கிறோம், பாய்கள் ஜூடோ சங்கத்தின் சொந்தப் பாய்கள், வேறு எதற்கும் தருவதில்லை. நல்ல பதில். கூரை உத்தரங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்றேன். “உன்னிடம் கேட்டதே தப்பு” என்று தங்கை தொலைபேசியை வைத்துவிட்டாள்.

உத்தரங்களைப் பற்றி யாரும் எழுதாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். எங்கள் ஒப்பந்தங்களிலும் துப்புரவு என்பது தரை, கழிவறை, குப்பை என்ற மூன்றோடு முடிந்துவிடும். மேலே போக வேண்டுமானால் தூக்குவண்டி வாடகை, உயரத்தில் வேலை செய்யப் பயிற்சி பெற்ற ஆட்கள், ஈரத்துணி, உறிஞ்சு கருவி, அரங்கு காலியாக இருக்க ஒரு முழு நாள். சிங்கப்பூரில் காலி நாள் என்பதுதான் இந்தப் பட்டியலிலேயே விலை உயர்ந்த பொருள். வெளியேறும் கண்காட்சிக்காரர் எங்கள் தேதி முடிந்துவிட்டது என்பார். நுழையும் விளையாட்டுச் சங்கம், நாங்கள் அசுத்தம் செய்யவில்லையே என்று கேட்கும். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் பெற்றோர் கட்டிய நுழைவுக் கட்டணம்தான்; தூக்குவண்டிக்கு அது போதாது. விலங்குகளைக் கொண்டுவருபவரே அந்த நாளுக்கும் பணம் கட்ட வேண்டும் என்பது என் கட்சி. அவர்கள் நுழைவுச்சீட்டு விற்கிறார்கள், கடைகளுக்கு வாடகை வாங்குகிறார்கள். ஒரு நாள் வாடகை அவர்களைச் சாய்த்துவிடாது. அடுத்த ஆண்டுக்கான விலைப்புள்ளியில் காலி நாள், கூரைத் துப்புரவு என்று இரண்டு வரிகளைத் தனியாகச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். முதல் வரியைப் பாதி நாளாகக் குறைக்க முடியுமா என்று விற்பனைப் பிரிவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். கழுவியது காயவே பாதி நாள் ஆகும் என்று பதில் எழுதிவிட்டேன்.